அளவுச் சட்டை

நவம்பர் 10, ஞாயிறு

விடாத மழை. கோயில் ஆராதனைக்குப் போகவில்லை.

நேற்று மாலை சுகிர்தம் பின்வாசலில் துவைகல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது முன்கையில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. முழங்கைக்கு மேலிருந்து விரல்களின் அடிவரை மாவுக்கட்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிரித்துவிடலாம் என்றார் டாக்டர். ஜாக்கெட்டின் கையைக் கத்தரியால் வெட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் கட்டே போட முடிந்தது.

சிக்கல் இன்று காலையில் தொடங்கியது. அவளிடம் இருக்கிற எந்த ஜாக்கெட்டும் அந்தக் கட்டின் மேல் ஏறாது. நைட்டி போட்டுக்கொள்ளலாமே என்றேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக முப்பத்திரண்டு வருடம் இருந்தவள். நைட்டியோடு வாசலில் நிற்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பீரோவைத் திறக்கச் சொன்னாள்.

நீலக்கோடு போட்ட அரைக்கைச் சட்டையை எடுத்தேன். தொளதொளவென்று இருக்கிறது என்று நானே போடாமல் வைத்திருந்தது. கட்டு அதன் கைக்குள் எளிதாகப் போய்விட்டது. பொத்தான் போடும் வேலை என்னுடையது. என் சொந்தச் சட்டைதான், ஆனால் எதிரில் நின்று போடும்போது எல்லாம் இடம் வலமாக மாறிவிடுகிறது. இரண்டு முறை தப்பாகப் போட்டேன். "காலேஜ் வாத்தியாருக்குப் பொத்தான் போடத் தெரியல" என்றாள். கைவலியிலும் அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

சட்டைக்கு மேல் பருத்திச் சேலையை ஒற்றைக் கையாலேயே சுற்றிக்கொண்டாள். முந்தியை மட்டும் நான் பிடித்துக் கொடுத்தேன். பிறகு நிலைக்கண்ணாடி முன் நின்றாள். கூடுதல் நேரம் நின்றாள் என்று எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

நவம்பர் 14, வியாழன்

காஸ் பதிவு செய்தேன். கீரை, உளுந்து, விளக்கெண்ணெய் வாங்கினேன். சமையலை ஓரளவு சமாளிக்கிறேன். ரசம் இன்றும் கடுத்துவிட்டது.

சுகிர்தம் இப்போது என் சட்டைகளை அவளே தேர்ந்தெடுக்கிறாள். இன்று சாம்பல் நிற முழுக்கைச் சட்டை. இடக்கைப் பகுதியின் தையலைப் பிரித்து, வலக்கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பாக மடித்துவிட்டிருந்தாள். நானும் அப்படி மடிப்பதுண்டு. என் கையில் அது வேலை செய்பவனின் அவசரம் போல இருக்கும். அவள் கையில் அது வேறு என்னவோ. சொல் கிடைக்கவில்லை.

பால்காரர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கை ஒடிந்திருப்பதை நானாகவே அவருக்கு விளக்கினேன். அவர் கேட்கவே இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கோயிலுக்கு வருவேன் என்று பிடிவாதம். மேலே சால்வை போர்த்திக்கொள்ளேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"கோயிலுக்கு வாரவங்க என் கையப் பாப்பாங்களா, சட்டையப் பாப்பாங்களா?"

இரண்டையும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கோயிலில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் நடைபாதை. ஆகவே அவளை ஒரு மணி நேரத்துக்கு மேல் எட்ட இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. நான் உடம்போடு இருந்த காலத்து வெள்ளை முழுக்கைச் சட்டை, கட்டுக்காக இடக்கைத் தையல் பிரித்திருந்தது. கூடவே கரும்பச்சைச் சேலை. காலரின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தாள். கழுத்து நிமிர்ந்திருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எத்தனையோ கூட்டங்களில் கூனி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு துணிக்கு இவ்வளவு நிமிர்வு தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பைபிளில் சங்கீதம் வாசிக்கும்போது பக்கத்தைத் தவறவிட்டேன். அடுத்திருந்தவர் தன் புத்தகத்தைக் காட்டினார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் சொர்ணம் அக்கா பிடித்துக்கொண்டாள். சுகிர்தத்துக்கு நேர் மூத்தவள். எண்பதை நெருங்கினாலும் நாக்குக்கு வயதாகவில்லை.

"ஏட்டி, இது என்ன கோலம்? நாளைக்கு ஒம் மாப்பிள்ளைக்கு நீ சேலை கெட்டி விடுவியோ?"

"அவருக்கு இடுப்பே கெடயாதுக்கா. நிக்காது."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கை போலவோ இருக்கிறது. மடக்கி நீட்டும் பயிற்சி காலையும் மாலையும். அவளுடைய ஜாக்கெட்டுகள் ஐந்தை இஸ்திரி போட்டு வாங்கிவந்து கட்டிலில் அடுக்கி வைத்தேன்.

டிசம்பர் 21, சனி

கட்டு போய்விட்டது. சட்டை போகவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். விடியற்கால ஆராதனை. மார்கழிக் குளிர் நன்றாகவே இருந்தது.

புறப்படும்போது சுகிர்தம் என் கறுப்புக் கோட்டைக் கேட்டாள். கல்லூரி ஆண்டு விழாக்களுக்காகத் தைத்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் தொட்டதில்லை. வெங்காய நிறப் பட்டுச் சேலையின் மேல் அதைப் போட்டுக்கொண்டாள். கைகள் நீளம், அதனால் உள்பக்கம் மடித்து ஊசி குத்தினாள். தலையில் பிச்சிப்பூ. கோட்டின் மார்புப் பையில் பட்டுத் துண்டு ஒன்று முனை தெரியச் செருகியிருந்தது. எங்கே கற்றாள்? கேட்டதற்கு, "எங்கயும் கத்துக்கல. கண்ணாடி சொல்லுது" என்றாள்.

கோயிலில் மெழுகுவத்திகள் மட்டும். அந்த வெளிச்சத்தில் கோட்டின் தோள் ஒரு ஆணுடையது போலவும், அதற்கு மேலிருந்த முகம் நாற்பத்து நான்கு வருடங்களாக நான் அறிந்த முகமாகவும் தெரிந்தன. இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை. கூட்டின.

தாவரவியல் வகுப்பில் செம்பருத்தியை நெடுக்காக வெட்டிக் காட்டுவேன். ஆணாகிய மகரந்தத்தாளும் பெண்ணாகிய சூலகமும் ஒரே பூவில் இருக்கும். அப்படிப்பட்ட பூவை ஆங்கிலப் பாடநூல்கள் 'குறையில்லாத பூ' என்று சொல்லும். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், நான் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அந்தச் சொல்லின் அர்த்தம் இன்று காலை நடைபாதைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தது.

மனைவியைப் பூவோடு ஒப்பிடுவது என் வயதுக்குப் பொருந்தாது. இருந்தாலும் எழுதியதை அடிக்கவில்லை.

ஜனவரி 2, வியாழன்

பிரேமலதா வந்திருந்தாள். சுகிர்தத்திடம் படித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. இருபத்து நான்காம் தேதி விளையாட்டு விழாவுக்கு சுகிர்தம்தான் சிறப்பு விருந்தினர். அணிவகுப்பு மரியாதையை ஏற்க வேண்டும். சுகிர்தம் காப்பிக் கோப்பைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "வாரேன்" என்றாள். முகம் சிவந்திருந்தது.

பிரேமலதா போன பிறகு சொன்னாள். அவள் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அணிவகுப்புக்குப் பிள்ளைகளைப் பழக்கியது அவள்தான். சுண்ணாம்புக் கோடு போட்டது, கொடிக்கம்பம் நட்டது, தாரை தப்பட்டைக்காரர்களைப் பிடித்து வந்தது எல்லாம் அவள்தான். மேடையில் நின்று மரியாதை வாங்கியது ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பேண்ட் போட்ட ஆள். எனக்கு இதெல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாத ஒன்றையும் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மைதானத்தில் மட்டும் பேண்ட் போட அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தாளாம். ஒரு டீச்சருக்கு அது அழகில்லை என்று அப்போதிருந்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். அதன் பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே உயரம் தாண்டிக் காட்டியிருக்கிறாள்.

"என் காலு ரெண்டும் ரிட்டயர் ஆகுற வரைக்கும் சேலைக்குள்ளயே ஓடிச்சு. இந்தத் தடவ அதுக வெளிய வரட்டும்."

வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கைவைக்காத கோட். அதோடு பூ, பொட்டுக் கம்மல், தங்கச் சங்கிலி. அப்படித்தான் மேடையேறுவாளாம். இல்லாவிட்டால் போவதில்லையாம்.

நல்லது என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

ஜனவரி 4, சனி

பிரேமலதாவிடமிருந்து போன். எப்படியோ செய்தி போயிருக்கிறது. சொர்ணம் அக்காவாக இருக்கலாம். தாளாளர் பழைய காலத்து மனிதர், பட்டுதான் உடுத்தி வர வேண்டும் என்று சொல்கிறாராம். இல்லையென்றால் வேறு ஒருவரைக் கூப்பிட வேண்டிவருமாம். பாவம், அழுதுவிடுவாள் போலப் பேசினாள். சுகிர்தம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட்டுதானம்மா? பட்டு உடுத்திட்டே வாரேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதும்போது வெட்கமாகவும் இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

அப்பாடா என்றது அவசரம்.

ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தார் அவளுக்கு ஒரு அரக்குப் பட்டுச் சேலை போர்த்தினார்கள். தங்க ஜரிகைக் கரை, அகலமான முந்தி. ஒரே ஒரு முறைதான் கட்டினாள். இன்று காலை அதைக் கட்டிலில் விரித்து, "இதுல கோட்டு தெப்போம்" என்றாள். பட்டு உடுத்தி வருவதாகச் சொன்னதன் பொருள் இதுதான். மரியாதைக்குக் கொடுத்ததை வெட்டலாமா என்று கேட்டேன். பீரோவில் மடித்து வைத்தால் மட்டும் மரியாதையா என்று கேட்டாள்.

எனக்கு எப்போதும் தைப்பவர் மார்க்கெட் பக்கம் இருக்கும் மீரான். ஆண்கள் உடுப்பு மட்டும்தான் தைப்பார். எங்கள் ஊரில் தையல்காரரிடம் போகிறவர்கள் அளவுச் சட்டை ஒன்றைக் கொண்டுபோவது வழக்கம். பொருந்துகிற பழைய சட்டையைப் பார்த்து அவர் புதியதை வெட்டிவிடுவார். சுகிர்தம் தனக்குப் பொருந்துகிற மாதிரி என் பழைய சட்டை ஒன்றை ஊசிகள் குத்திப் பிடித்தும், பக்கத் தையலைப் பிரித்தும் தயார்செய்து வைத்திருந்தாள். பேண்டுக்கும் ஒன்று. சேலையையும் வெள்ளைத் துணியையும் பையில் வைத்து என்னிடம் கொடுத்தாள். தனக்கென்று சொல்லிவிடும்படி இரண்டு முறை சொன்னாள்.

கடையில் நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மீரான் பட்டைத் தொட்டுப் பார்த்து வியந்தார். அளவுச் சட்டையைப் புரட்டினார், ஊசிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார்வாளுக்குத்தான?"

எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"ம்" என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

அளவுச் சட்டைதான் இருக்கிறதே. யாருக்கு என்று சொல்லாவிட்டாலும் அதைப் பார்த்துத்தானே வெட்டுவார்.

ஜனவரி 13, திங்கள்

மீரான் தைத்து அனுப்பிவிட்டார்.

மூன்று உடுப்புகளும் அருமையான தையல். மூன்றும் என் அளவு.

சுகிர்தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கூப்பிட்டாள், போனேன். வெள்ளைச் சட்டை தோளில் இறுகி, பொத்தான்கள் சேராமல் நின்றது. பேண்ட் இடுப்பில் ஏறவில்லை, காலில் தரையைக் கூட்டியது. பட்டுக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் இரண்டையும் முந்தியிலிருந்து வெட்டியிருந்தார். அந்த ஜரிகை வேலை சேலையில் வேறு எங்கும் கிடையாது.

"நான் குத்தி வச்ச ஊசிய மீரான் பாக்கலயா?"

மீரானுக்குப் போன் செய்தேன். சார்வாளின் உடம்பு தன் கைக்கு மனப்பாடம் என்றார். அளவுச் சட்டையில் தோளும் இடுப்பும் தாறுமாறாக இருக்கவே, வீட்டில் யாரோ தெரியாமல் ஊசி குத்தியிருப்பதாக நினைத்து, அதை ஒதுக்கிவிட்டு போன வருடம் எடுத்த என் அளவில் வெட்டிவிட்டாராம். பட்டுக்கோட்டு கல்யாண நாள் கொண்டாட்டத்துக்காக இருக்கும் என்று நினைத்து ஆசையாக முந்தியை முன்பக்கம் வைத்தாராம். அவர்மேல் என்ன குற்றம்? அந்த ஊசிகள் அவள் உடம்புக்கானவை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சுகிர்தம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குன்னு சொல்லலயா நீங்க?"

"இல்லை."

"வெக்கமா?"

"பயம்."

"யாருக்கு?"

உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். கடையில் இருந்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையை மடித்தாள். "அப்ப வேண்டாம். பிரேமா கிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிருதேன். நீங்க பக்கத்துல உக்காரக் கூசுற எடத்துக்கு நான் போய் என்ன செய்ய" என்றாள். நாளைக்குப் பொங்கல் விடுமுறை, பிறகு போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். இரவு சாப்பாட்டின்போது தன் பழைய ஜாக்கெட் ஒன்றைப் போட்டிருந்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

அவள் ஜாக்கெட்டில்தான் இருக்கிறாள். நான் எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 15, புதன்

காலையில் ஒன்றும் சொல்லாமல் மீரான் கடைக்குப் போனேன். கடை திறந்திருந்தது. அன்றுபோலவே பெஞ்சில் ஆட்கள். வாசலில் நின்று ஒரு முறை திரும்பிவிட்டேன் என்பதையும் எழுத வேண்டும். பக்கத்துக் கடையில் தேவையில்லாமல் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். பிறகு உள்ளே போனேன்.

"மீரான், அந்த உடுப்பெல்லாம் எனக்கு இல்ல. என் வீட்டம்மாவுக்கு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. கட்டுப்பாட்டில் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் மீசைக்காரர் ஒருவர், "நம்ம ரன்னிங் டீச்சருக்கா? என் மவளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தது அவங்கதான்" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. நான் இரண்டு மாதமாகப் பயந்தது இதற்குத்தான்.

மீரான் தலையைச் சொறிந்தார். சேலை உடம்பில் இன்னும் பட்டு மிச்சம் இருக்கிறது, வெள்ளைத் துணி கடையிலேயே உண்டு, வெட்டிவிடலாம், ஆனால் அளவு சரியாக வேண்டும், ஊசியை நம்பி இனி வெட்ட மாட்டேன் என்றார்.

வீட்டுக்கு வந்து, "கடைக்கு வா" என்றேன். சுகிர்தம் தோசைக்கல்லை இறக்கினாள். பத்து நிமிடத்தில் என் நீலக்கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

கடையில் இன்னொரு தடை. "பொம்பளையாளுக்கு அளவு எடுத்துப் பழக்கமில்ல டீச்சர். கைக்கு வராது" என்று மீரான் பின்வாங்கினார். சுகிர்தம் அவர் கழுத்தில் கிடந்த டேப்பைக் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"நீங்க எடுங்க."

மாணவர்களுக்கு இலைக்காம்பின் நீளத்தை அளக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மனித உடம்பை அளந்ததில்லை. மீரான் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, நான் வைத்தேன். தோளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டேப்பைப் பிடித்தேன். எண்ணைப் பார்த்து, தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மீண்டும் பிடித்தேன். அவள் தோள் என் தோளைவிட அகலம். இத்தனை வருடம் இந்தத் தோளுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன். குண்டு எறிந்த தோள். பிள்ளைகளைத் தூக்கிக் கம்பத்தில் ஏற்றிய தோள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணைச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். மீரான் எழுதிக்கொண்டார்.

இடுப்பு. கை நீளம். மணிக்கட்டு, ஒடிந்த கை இன்னும் கொஞ்சம் மெலிவு, இரண்டையும் தனித்தனியாக எடுத்தேன். கால் நீளத்துக்கு வந்தபோது நான் திணறுவதைப் பார்த்து அவளே டேப்பை வாங்கினாள். ஒரு நுனியைச் செருப்பால் மிதித்து, மறுநுனியை விறைப்பாக இழுத்து, குனியாமலேயே எண்ணைப் படித்தாள். நீளம் தாண்டும் குழியில் ஆயிரம் முறை செய்த வேலை. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இந்த முறை நிஜமாகவே நிறுத்தினார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது மீரான் கேட்டார். "அப்ப சார்வாளுக்குத் தெச்ச பட்டுக்கோட்ட என்ன செய்ய? பிரிச்சா தாங்காது."

"பிரிக்காண்டாம். அவரு போட்டுக்கிடுவாரு" என்றாள் சுகிர்தம்.

ஜனவரி 20, திங்கள்

உடுப்பு வந்துவிட்டது. பொருந்துகிறது.

இந்த ஒரு வார்த்தை போதாது. ஆனால் இன்று இதற்கு மேல் எழுத வராது.

ஜனவரி 23, வியாழன்

சலவை, காலணிக்குப் பாலிஷ், ஆட்டோவுக்குச் சொல்லிவைத்தது, எல்லாம் முடிந்தது.

பட்டுக்கோட்டை நான் போட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் மறுபடி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது ஒரு பெண்ணின் சேலை முந்தி. எழுபத்து மூன்று வயதில் அரக்கு நிறமும் ஜரிகையும் மின்ன, ஊர்ப் பெரியவர்கள் நடுவே உட்கார வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறை போட்டுப் பார்த்தேன். கண்ணாடி எனக்கு எதுவும் சொல்லவில்லை. ஆனால் கழற்றவும் மனம் வரவில்லை. பட்டு உடம்பில் இவ்வளவு லேசாக இருக்கும் என்று யாரும் ஆண்களிடம் சொல்வதில்லை.

ஜனவரி 24, வெள்ளி

முறைப்படி எழுதப் பார்க்கிறேன்.

கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன். ஆட்டோவில் ஏறும்போது சுகிர்தம் என் பொத்தான் ஒன்றைச் சரிசெய்தாள், அவ்வளவுதான்.

வாசலில் தாளாளரும் பிரேமலதாவும் நின்றிருந்தார்கள். தாளாளர் முதலில் அவளைப் பார்த்தார். வெள்ளைப் பேண்டின் மடிப்பு கத்தி போல் நின்றது. வெள்ளைச் சட்டை, அதன் மேல் ஜரிகைக் கரை கீழ்விளிம்பில் ஓடும் அரக்குப் பட்டுக்கோட்டு. நரைத்த கொண்டையில் பிச்சிப்பூ, காதில் பொட்டுக் கம்மல், காலில் கறுப்பு ஷூ. அவர் வாயைத் திறந்தார். பிறகு அதே பட்டில் அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். இருவரில் யாரிடம் ஆட்சேபிப்பது என்று அவருக்குக் குழம்பியிருக்க வேண்டும்.

"பட்டு கேட்டிருந்தீங்க" என்றாள் சுகிர்தம் வணக்கம் சொல்லி.

"ஆமா... பட்டுதான்" என்றார் அவர்.

பிரேமலதா பொன்னாடை போர்த்தினாள். பாவம், முழங்கால்வரை மூடும்படி நன்றாக இழுத்துவிட்டாள். சுகிர்தம் நன்றி சொல்லிவிட்டு அதை நான்காக மடித்து நாற்காலியின் கைமேல் வைத்தாள்.

என்னை மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பின்னாலிருந்து சொர்ணம் அக்கா என் முதுகைத் தட்டினாள். நான் தயாராகத் திரும்பினேன். கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். "ஜரிக நல்ல ஜரிக" என்று மட்டும் சொன்னாள்.

தாரை தப்பட்டை தொடங்கியது. மைதானத்தின் மறுகோடியில் நான்கு அணிகள் புறப்பட்டன. சுகிர்தம் எழுந்து மேடையின் விளிம்புக்கு வந்தாள். கால்களை விரித்து நின்றாள். சேலையில் ஒருபோதும் நிற்க முடியாத நிலை. காற்று பேண்டைக் காலோடு ஒட்டியது. அவளுக்குக் கால்கள் இருப்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. எனக்கும்கூட. எதிரே இருந்தவள் ஆணா பெண்ணா என்று அப்போது கேட்டிருந்தால் யாரும் பெண் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தச் சொல் அதுவரை இருந்ததைவிடப் பெரியதாக இருந்தது.

முதல் அணி மேடையை நெருங்கியது. முன்னால் நடந்த மாணவி "ஐஸ் ரைட்" என்று கட்டளையிட்டாள். எல்லாத் தலைகளும் ஒரே வீச்சில் மேடையை நோக்கித் திரும்பின. வேறு விழாக்களில் பெண் விருந்தினர்கள் இந்த இடத்தில் கைகூப்புவார்கள். சுகிர்தம் வலக்கையை நெற்றிக்கு உயர்த்தி விறைப்பாக சல்யூட் வைத்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். வேறு யாரும் நிற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் உட்காரவில்லை.

அணி மேடையைக் கடந்ததும் "ஐஸ் ஃப்ரண்ட்" என்றாள் அந்த மாணவி. தலைகள் முன்பக்கம் திரும்பவில்லை.

கட்டளை கேட்காமல் இருக்காது. நன்றாகத்தான் கத்தினாள். பிள்ளைகள் நடந்துகொண்டே மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள். கால்கள் முன்னால் போயின, முகங்கள் பின்னால் நின்றன. வரிசை வளைந்தது. ஒருத்தி முன்னால் போகிறவளின் குதிகாலை மிதித்தாள். இரண்டாவது அணி வந்தது, அதற்கும் அதே கதி. மூன்றாவது அணியில் கொடி பிடித்தவளே சுண்ணாம்புக் கோட்டை விட்டு விலகிப் புல்லுக்குள் போய்விட்டாள். தாரைக்காரர்கள் தாளத்தை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். எனக்குத் தெரிந்து அந்த மைதானத்தில் இவ்வளவு மோசமான அணிவகுப்பு நடந்திருக்காது.

சல்யூட்டை இறக்காமலேயே சுகிர்தம் சத்தம் போட்டாள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"முன்னால பாருங்கட்டி!"

ஒருத்தியும் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை.